கண் மூடினால் காணாமல் போகும் உடல்

இயன் வாட்டர்மனுக்கு 1971இல் வயது 19. ஜெர்சித் தீவில் கசாப்புக் கடையில் வேலை. காய்ச்சலும் வயிற்றுக் கோளாறுமாகப் படுத்தவர், சில நாட்கள் கழித்துக் கட்டிலிலிருந்து எழ முயன்று அப்படியே சரிந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே தன் உடல் எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. முதுகு மெத்தையில் பட்டிருப்பது தெரியாததால் அந்தரத்தில் மிதப்பது போலிருந்தது. கை தானாக எங்கோ அலைந்து முகத்தில் வந்து மோதும்போதுதான் அது தன் கை என்று புரிந்தது.

மருத்துவர்களைக் குழப்பியது என்னவென்றால், இது பக்கவாதம் இல்லை. தசைகளை இயக்கும் நரம்புகளில் ஒரு பழுதும் இல்லை. கையைத் தூக்கச் சொன்னால் கை தூக்கிக்கொண்டது. ஊசியால் குத்தினால் வலித்தது. சூடும் குளிரும் தெரிந்தன. ஆனால் தொடுகை தெரியவில்லை. மூட்டு மடங்கியிருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்பதும் தெரியவில்லை. நோய்க்கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் காப்புப் படை, ஆள் தெரியாமல் பருமனான உணர்வு நரம்பிழைகளைத் தாக்கி அழித்துவிட்டது என்பதே பின்னர் கிடைத்த விளக்கம். மெல்லிய இழைகள் தப்பின. வலியும் வெப்பமும் அவற்றின் வழியே செல்பவை என்பதால் அவையும் தப்பின. அழிந்த இழைகள் திரும்ப முளைக்கவே இல்லை. இனி ஆயுளுக்கும் சக்கர நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் அப்படி அடங்கிவிடவில்லை. அதற்கு வருவதற்கு முன், அவர் இழந்தது என்ன என்பதைப் பார்த்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியை விரலால் தொட முடிகிறது. இருட்டில் மாடிப்படி ஏற முடிகிறது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து சில்லறையை எடுக்க முடிகிறது. இவற்றில் எதையும் செய்வது பார்வையோ செவியோ அல்ல. வெறும் தோலின் தொடுகையும் அல்ல. உடல் தன்னைத் தானே அறிந்துகொண்டிருக்கும் இந்த உணர்வை மருத்துவர்கள் ப்ரோப்ரியோசெப்ஷன் என்கிறார்கள். இங்கே தன்னிலை உணர்வு என்று வைத்துக்கொள்வோம்.

ஐம்புலன் பட்டியலில் இதற்கு இடமில்லை. அரிஸ்டாட்டில் சொன்ன ஐந்திலும் இல்லை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்தும்போது தொடுகையை முதலில் வைத்து மனத்தில் கொண்டுபோய் முடிக்கிறது, அங்கும் இல்லை. அதில் வியக்க ஒன்றுமில்லை. மற்ற புலன்களை மூடிப் பார்க்க வழியுண்டு. கண்ணை மூடலாம், காதைப் பொத்தலாம், மூக்கைப் பிடிக்கலாம். தன்னிலை உணர்வை அரை நொடி நிறுத்திப் பார்க்க யாருக்கும் வழியில்லை. அது இல்லாமல் போனால்தான் இருந்தது தெரியும்.

தசைக்கும் மூளைக்கும் நடுவே ஒரு சுற்றுப்பாதை இருக்க வேண்டும், தசை தன் நிலையை மூளைக்குச் சொல்லாமல் மூளை தசையை ஆள முடியாது என்று உடற்கூற்றியலாளர் சார்லஸ் பெல் 1826இல் எழுதினார். அப்போது அது ஊகம்தான். எலும்பும் சதையுமாக அதை நிறுவியவர் உடலியங்கியலாளர் சார்லஸ் ஷெரிங்டன். தசைக்குச் செல்லும் நரம்பு என்றால் கட்டளையைச் சுமந்து செல்லும் நரம்பு என்றே அதுவரை எண்ணிவந்தார்கள். அதன் இழைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எதிர்த்திசையில், அதாவது தசையிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுவருபவை என்று 1894இல் அவர் காட்டினார். ஒரு தசையை நடத்த எவ்வளவு ஏற்பாடு வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு ஏற்பாடு அதன் பேச்சைக் கேட்கவும் வேண்டியிருக்கிறது. இந்த உணர்வுக்கு 1906இல் பெயர் வைத்தவரும் அவரே. 1932இல் எட்கர் ஏட்ரியனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

செய்தி புறப்படும் இடம் தசைக்கதிர் எனப்படும் நுண்ணுறுப்பு. சில மில்லிமீட்டர் நீளம். நடு பருத்து இரு முனையும் கூராக இருக்கும். சாதாரணத் தசையிழைகளுக்கு நடுவே அவற்றுக்கு இணையாகப் படுத்திருக்கும். அதன் நடுப்பகுதியில் ஒரு பருத்த நரம்பிழை சுருள்சுருளாகச் சுற்றியிருக்கிறது. தசை இழுபட்டால் கதிரும் இழுபடும், சுருள் விரியும், நரம்பில் மின்துடிப்புகள் புறப்படும். எவ்வளவு இழுபட்டது, எவ்வளவு வேகமாக இழுபட்டது என்ற இரண்டும் அந்தத் துடிப்புகளில் அடங்கியிருக்கின்றன. தசை எலும்போடு சேரும் நாணில் இன்னொரு வகை உணரி உண்டு. அது பார்ப்பது இழுவிசையை. கதிர்கள் எல்லாத் தசைகளிலும் ஒரே அளவில் இல்லை. கழுத்தின் ஆழத்துத் தசைகளிலும் கையின் சிறு தசைகளிலும் அவை மிக நெருக்கம். தலையை நிறுத்தி வைக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று எண்ணினால் காரணம் விளங்கும்.

இந்த அமைப்பின் வேகம் தனிக் கதை. கதிரிலிருந்து வரும் இழைகள் நொடிக்கு 70 முதல் 120 மீட்டர் வரை செய்தியைக் கடத்துபவை; உடலிலுள்ள நரம்புகளில் மிக வேகமானவற்றில் இவையும் சேரும். மெல்லிய வலியிழைகளின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் சுற்றுவட்டாரம். கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, ‘ஐயோ, இப்போது வலிக்கப்போகிறது’ என்று நினைக்கக்கூட அவகாசம் கிடைத்து, பிறகு அந்த ஆழ்ந்த வலி மெல்ல வந்து சேர்வது இதனால்தான். கால்விரலுக்கும் மூளைக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் என்றால், ஒரு செய்தி நூறில் ஒன்றிரண்டு பங்கு நொடியில் வந்துவிடுகிறது. மற்றொன்று ஒன்றரை நொடி நடந்து வருகிறது.

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டுவதும் இந்தக் கதிர்களைத்தான் விசாரிக்கிறது. தட்டும்போது தொடைத்தசை சட்டென்று இழுபடுகிறது. செய்தி தண்டுவடம் சென்று, இடையில் ஒரே ஒரு நரம்புச் சந்திப்பைக் கடந்து, தசையைச் சுருக்கும் கட்டளையாகத் திரும்புகிறது. மொத்தம் சுமார் 20, 30 மில்லி விநாடி. மூளைக்குத் தகவல் போகும், அனுமதி கேட்கப்படுவதில்லை. இதை 1875இல் வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற இரு ஜெர்மானியர்கள் தனித்தனியே எழுதினார்கள். அனிச்சைச் செயல் என்றார் எர்ப். தசையே நேரடியாகத் துள்ளுகிறது என்றார் வெஸ்ட்ஃபால். எர்ப் சொன்னதே சரி. முழங்காலைத் தட்டுவதற்காக இயற்கை இதை அமைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நின்றுகொண்டிருக்கும்போது உடல் இம்மியளவு முன்னே சாய்ந்தால் கெண்டைக்கால் தசை இழுபடும், உடனே சுருங்கிச் சாய்வைத் திருத்தும். சும்மா நிற்பது என்று ஒன்று கிடையாது. ஓயாத திருத்தங்களைத்தான் நிற்பது என்கிறோம்.

ஆனால் கை எங்கே இருக்கிறது என்று நாம் நினைவோடு அறிவது இந்தக் கதிர்களால்தானா? 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரும்பாலோர் இல்லை என்றார்கள். கதிர்கள் அனிச்சைக்கு மட்டுமே. நனவை எட்டுவது மூட்டுகளில் உள்ள உணரிகளின் செய்தி என்று பாடநூல்களும் சொல்லின. ஆக்ஸ்ஃபோர்டில் குட்வின், மக்ளாஸ்கி, மேத்யூஸ் மூவரும் 1972இல் வெளியிட்ட சோதனை அதைக் கவிழ்த்தது. கண்ணை மூடச் சொல்லி, மேற்கைத் தசையின் நாண் மீது நொடிக்கு சுமார் நூறு முறை அதிரும் கருவியை வைத்தார்கள். அதிர்வு கதிர்களை ஏமாற்றியது. தசை இழுபட்டுக்கொண்டிருப்பதாக அவை சேதி அனுப்ப, கை அசையாமல் இருந்தபோதே முழங்கை நீண்டுவிட்டதாகச் சோதனைக்கு உட்பட்டவர்கள் உணர்ந்தார்கள். அடுத்த ஆண்டே வேறு திசையிலிருந்து ஒரு சான்று. இடுப்பு மூட்டையும் அதைச் சுற்றிய உறையையும் எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டவர்களைச் சோதித்தபோது, கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். உலோகத்தில் உணரி ஏது? தசைதான் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த அதிர்வு ஏமாற்றை ஜேம்ஸ் லாக்னர் 1988இல் இன்னும் விநோதமான இடத்துக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடியபடி தன் மூக்கை விரல்களால் பிடித்திருப்பவரின் மேற்கை நாணை அதிரச் செய்தார். கை முகத்தைவிட்டு விலகிப் போவதாகத் தோன்றுகிறது. விரல்கள் மூக்கைப் பிடித்தபடியே இருப்பதும் தெரிகிறது. இரண்டும் உண்மையானால் மூக்கு நீள்கிறது என்றுதானே பொருள்? சோதனைக்கு வந்தவர்களில் பலரும் அப்படியே உணர்ந்தார்கள். பிறந்த நாள் முதல் சுமந்து திரியும் மூக்கின் நீளத்தைச் சில நொடிக் கணக்கில் மாற்றி எழுத மூளை தயங்கவில்லை. நம் உடலின் வடிவம் நமக்கு உறுதியாகத் தெரியும் என்ற நம்பிக்கை எவ்வளவு மெல்லிய தளத்தில் நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் படித்ததில்லை.

இழுவிசை எப்படி மின்துடிப்பாக மாறுகிறது என்ற அடிப்படைக் கேள்விக்கு 2010வரை விடையில்லை. கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஆர்டெம் பட்டபூட்டியனின் குழு அதைத் தேடியது. பெய்ரூட்டில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, உள்நாட்டுப் போரின் நடுவே 1986இல் அமெரிக்கா வந்தவர் அவர். நுண்ணிய கண்ணாடிக் குழாயால் குத்தினால் மின்னோட்டம் தரும் ஓர் உயிரணு வகையை அவர்கள் கையில் வைத்திருந்தார்கள். சந்தேகத்துக்குரிய மரபணுக்களாக 72ஐப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக முடக்கி, எதை முடக்கினால் அணு குத்துக்கு அசைந்துகொடுக்காமல் போகிறது என்று குழுவிலிருந்த பெர்ட்ரண்ட் கோஸ்த் பார்த்துவந்தார். பட்டியலின் கடைசி மரபணுவில்தான் விடை இருந்தது. பியெஸோ1 என்று பெயரிட்டார்கள். அதன் உறவுக்காரப் புரதம் பியெஸோ2. தொடுகைக்கும் தன்னிலை உணர்வுக்கும் வேண்டியது இந்த இரண்டாவது. மூன்று இதழ்கள் கொண்ட விசிறி போன்ற இந்தப் புரதம் அணுவின் சவ்வைக் குழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சவ்வு இழுபட்டுத் தட்டையாகும்போது நடுவாயில் திறந்து மின்னூட்டத் துகள்கள் உள்ளே பாய்கின்றன. 2021இல் பட்டபூட்டியனுக்கும், மிளகாயின் காரத்தைப் பிடித்துக்கொண்டு போய் வெப்ப உணரியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எலியிலும் கண்ணாடித் தட்டிலும் நடந்த இந்த வேலை மனிதரிடம் வந்து சேர்ந்தது 2016இல். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த அலெக்சாண்டர் செஸ்லரும் கார்ஸ்டென் பொன்னெமனும் பியெஸோ2 பிறவியிலேயே வேலை செய்யாத இரண்டு பேரை விவரித்தார்கள். ஒருவருக்கு வயது 9, மற்றவருக்கு 19. கண் திறந்திருக்கும்போது இருவரும் நடந்தார்கள். கண்ணைக் கட்டியதும் தள்ளாடினார்கள். தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. விரலை மேலே மடக்குகிறோமா கீழேயா என்று கேட்டால் ஊகித்துத்தான் சொன்னார்கள். இசைக்கவையின் அதிர்வு தெரியவில்லை. வலியும் வெப்பமும் வழக்கம்போல் தெரிந்தன. எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது வேறொன்று. அவர்களின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. இடுப்பு மூட்டும் சரியாக அமையவில்லை. தன்னிலை உணர்வு நரம்புகளில் மட்டும் பியெஸோ2 நீக்கப்பட்ட எலிகளிலும் பிறகு இதே கோணல்கள் தோன்றின. ஆக, வளரும் எலும்பை நேராக நிறுத்துவதும் இந்த ஓயாத திருத்தங்களின் வேலைகளில் ஒன்று.

இனிப் பழைய கேள்விக்கு வரலாம். உணர்வில்லாமல் இயக்கம் சாத்தியமா? ஷெரிங்டனும் ஃபிரெடெரிக் மாட்டும் 1895இல் குரங்குகளின் ஒரு கையிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் உணர்வு வேர்களை மட்டும் வெட்டினார்கள். இயக்க நரம்புகளைத் தொடவில்லை. அப்படியும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவே இல்லை. முடமானது போலத் தொங்கியது. உணர்வு இன்றி விருப்பத்தோடு கூடிய இயக்கம் இல்லை என்ற முடிவு அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. உளவியலாளர் எட்வர்ட் டாப் அதைக் கேள்வி கேட்டார். நல்ல கையைக் கட்டிப் போட்டுவிட்டால் குரங்கு என்ன செய்யும்? உணர்வற்ற கையால் எடுத்துச் சாப்பிட்டது, அழகாக இல்லாவிட்டாலும். முடியாததால் அது கையைக் கைவிடவில்லை. முதலில் சில முறை தவறியதால் விட்டுவிடக் கற்றுக்கொண்டது என்றார் டாப். அதைப் பக்கவாத நோயாளிகளுக்குக் கொண்டுபோனார். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, முடங்கிய கையை நாளுக்குப் பல மணி நேரம் விடாமல் வேலை வாங்கும் சிகிச்சை அது. 222 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு 2006இல் அதன் பலனை உறுதிசெய்தது.

இந்தக் கதைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. மேரிலாண்ட் மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் நகரில் இருந்த டாப்பின் கூடத்தில் 17 குரங்குகள் வைக்கப்பட்டிருந்த நிலை 1981இல் வெளியே வந்தது. காவல்துறை புகுந்தது, வழக்கு நடந்தது. அவர்மீதான தண்டனையை மேல்நீதிமன்றம் பின்னர் ரத்து செய்தது. அமெரிக்காவின் விலங்குநலச் சட்டம் கடுமையாக்கப்பட்டதில் இந்த வழக்குக்கும் பங்குண்டு. சிகிச்சையின் பலனைச் சொல்பவர்கள் குரங்குகளை விட்டுவிடுவதும், குரங்குகளைச் சொல்பவர்கள் சிகிச்சையை விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒரே மனிதரின் ஆய்வில் நடந்தவை.

வாட்டர்மனின் வாழ்க்கை ஷெரிங்டனுக்கும் டாப்புக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர், தன் கைகால்களைக் கண்ணால் பார்த்தபடி, எந்தத் தசையை எந்த வரிசையில் சுருக்க வேண்டும் என்று மனத்தில் ஓட்டிப் பார்த்து, முதன்முறையாக எழுந்து உட்கார்ந்தார். அந்த மகிழ்ச்சியில் கவனம் சிதறி உடனே சாய்ந்தார். நிற்பதற்கு ஏறக்குறைய ஓராண்டு. பின்னர் நடந்தார், அலுவலக வேலைக்குப் போனார், கார் ஓட்டினார். பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் நிதானமாக நடக்கும் மனிதர், அவ்வளவுதான். ஆனால் விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். கூட்டத்தில் யாராவது எதிர்பாராமல் இடித்துவிடுவார்களோ என்று அஞ்சினார். ஜலதோஷம் பிடித்துத் தலை கனத்தால்கூட நடப்பதற்கான கவனம் கைகூடாது. அவரை நெடுங்காலம் ஆராய்ந்த மருத்துவர் ஜொனதன் கோல், அவரைப் பற்றி 1991இல் எழுதிய நூலுக்கு அன்றாட மாரத்தான் என்ற பொருளில் தலைப்பிட்டது மிகையல்ல.

உணர்வில்லாமல் இயக்கம் சாத்தியம்தான். அதற்கு விலை, விழித்திருக்கும் நேரத்துக் கவனம் முழுவதும். தன்னிலை உணர்வு நமக்குத் தருவது அசைவை அல்ல, அசைவை மறந்திருக்கும் உரிமையை. நடந்துகொண்டே யோசிக்கிறோம், சமைத்துக்கொண்டே சண்டை போடுகிறோம். வாட்டர்மனால் அது இயலாது.

கண்ணை இப்படி மாற்று வழியாக்க முடியும் என்பதை வேறொரு பக்கத்திலிருந்து பயன்படுத்தியவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன். துண்டிக்கப்பட்ட கை இன்னும் இருப்பதாகவும், இறுக மூடிய விரல்களைத் திறக்க முடியாமல் வலிப்பதாகவும் சொன்னவர்களுக்கு, 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொடுத்தார். இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்; விரலைத் திறந்தால் அதுவும் திறக்கும். சிலருக்கு வலி குறைந்தது. எல்லோருக்கும் பலிக்கவில்லை. செலவு ஒரு கண்ணாடி மட்டுமே.

வாட்டர்மனுக்கு வந்தது அரிதிலும் அரிது. அதன் சிறு பதிப்புகள் நம் ஊர் மருத்துவமனை வரிசைகளில் தினமும் நிற்கின்றன. ‘பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு’, ‘செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல’ என்று சர்க்கரை நோயாளிகள் சொல்வது இதைத்தான். பாதத்தில் தொடங்கும் நரம்புச் சிதைவு மெல்ல மேலேறுகிறது. முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடிய கணத்தில் தள்ளாடுவது இன்னொரு அடையாளம். பெர்லினின் மோரிட்ஸ் ரோம்பெர்க் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், மேகநோயால் தண்டுவடத்தின் பின்பகுதி அழிந்தவர்களிடம் கண்டதும் அதுவே. பாதங்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொல்லும் அவருடைய சோதனையை இன்றும் செய்கிறார்கள். நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரல் எலும்பில் வைத்துப் பார்ப்பதும் அதே விசாரணைதான்.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தண்டுவடத்தின் அந்தப் பின்பகுதியைப் பி12 வைட்டமின் குறைபாடும் தாக்கும். புலால் உண்ணாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் அந்தக் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். சர்க்கரைக்குப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்டாலும் பி12 குறையலாம். பாதம் மரத்தால் சர்க்கரையின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுவது எளிது. பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரையால் சிதைந்த நரம்பை மீட்பது கடினம். பி12 குறைவால் வந்ததை, காலத்தோடு பிடித்தால், பெருமளவு மீட்க முடியும்.

வாட்டர்மனிடம் கோலும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மொழியறிஞர் டேவிட் மக்நீலும் கண்ட ஒன்று இன்னும் முழுதாக விளங்கவில்லை. அவர் கைகளை அவர் பார்க்க முடியாதபடி ஒரு தட்டியால் மறைத்தார்கள். ஒரு பொருளைப் பிடித்துத் திருகித் திறப்பது போன்ற காரியங்கள் அவருக்குக் கூடிவரவில்லை, எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு கதையைச் சொல்லச் சொன்னபோது, மறைப்புக்குக் கீழே கைகள் பேச்சோடு சேர்ந்து அசைந்தன. சொல்லுக்கு ஏற்ற வடிவம், சொல்லோடு பிசகாத தாளம். கண் காணவில்லை, தசை சொல்லவில்லை. ஆனாலும் கை தவறவில்லை. ஒரு குவளையை எடுக்கப் போகும் கைக்குக் குவளை எங்கே, தான் எங்கே என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும். பேசும் கைக்குப் போய்ச்சேர ஓர் இடம் இல்லை. அது உடலின் வரைபடத்தைவிட மொழியின் ஏற்பாட்டோடு கட்டப்பட்டிருக்கலாம் என்பது மக்நீலின் கருத்து. கையை ஆளும் வழி மூளையில் ஒன்றல்ல என்பதாவது அந்தத் தட்டிக்கு அடியில் வெளிப்பட்டது.